கைவீசி ஏகாம்பரமும் செவந்தி தூக்கின பையும்

போர்வையை இழுத்து விட்டுக்கோ குயிலி. காலை இப்படிப் பரப்பாத, அத்தைக்கும் இடம் வேணும்ல. விடியறதுக்கு முன்னாடி ஊட்டி பஸ்ஸுக்குக் கிளம்பணும். இப்பத் தூங்கலன்னா நாளைக்கு பஸ்ஸுல என் மடியிலதான் விழுவ.

அம்மா இன்னும் பை அடுக்கிட்டு இருக்கா, சர்ரு சர்ருன்னு ஜிப்பு சத்தம் கேக்குது பாரு. உங்கப்பா என்ன பண்றாரு தெரியுமா? நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "நமக்கெல்லாம் ஒரு பேண்ட்டு ஒரு சட்டை போதும்பா, இந்தப் பொம்பளைங்கதான் வீட்டையே கட்டித் தூக்கிட்டு வராங்க"ங்கறாரு. உனக்குக் கேட்டுச்சா? எனக்கும் நல்லாவே கேட்டுச்சு. அதனால இன்னைக்கு அந்த நரிக் கதை வேணாம், வேற கதை சொல்றேன். கொஞ்சம் சத்தமாவே சொல்றேன், அடுத்த ரூம் வரைக்கும் போகட்டும். நீ ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தாரு. ஏகாம்பரம்னு பேரு. அவருகிட்ட பையே கிடையாது.

அந்த ஊர்ல மத்தவங்கல்லாம் பக்கத்து ஊருக்குப் போனாக்கூட ஒரு மூட்டை, ஒரு தூக்குச்சட்டி, கக்கத்துல ஒரு குடைன்னுதான் போவாங்க. ஏகாம்பரம் அப்படி இல்ல. தோள்ல ஒரு துண்டு கூட இருக்காது. ரெண்டு கையையும் விசுக் விசுக்னு வீசிக்கிட்டு நடு ரோட்டுல நடப்பாரு. பாக்கறவங்க எல்லாம் வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க. "பாருடா, ஒரு பாரம் இல்ல, ஒரு பற்று இல்ல, மனுஷன்னா இப்படி இருக்கணும்"பாங்க. கைவீசி ஏகாம்பரம்னே பேரு வெச்சுட்டாங்க.

அவருக்குப் பின்னாடி பத்தடி தள்ளி அவரு சம்சாரம் வருவா. அவ பேரு செவந்தி. அவ தோள்ல இத்தாம் பெரிய பை. பையைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கத்துத் தோளே இறங்கிப் போச்சு. ஆனா அவளை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. ஏன்னு கேளு.

ஏன் அத்தை?

முன்னாடி போறவரைப் பாத்து பொளந்த வாயை மூடறதுக்குள்ள இவ கடந்து போயிடுவா. அதான்.

அந்தப் பையில என்ன இருந்துச்சுன்னு சொல்றேன் கேளு. சீப்பு ரெண்டு, ஒண்ணு அவரு தலைக்கு, ஒண்ணு அவரு மீசைக்கு. முழங்காலுக்கு ஒரு தைலம், நெத்திக்கு ஒரு தைலம். சுக்குப்பொடி, பல்லுப்பொடி. தண்ணிக்கு ஒரு கூஜா. அடுத்தவங்க தலகாணியில படுத்தா அவருக்குத் தூக்கம் வராது, அதனால அவரு தலகாணி. வெறுந்தரையில உக்காந்தா சளி பிடிக்கும், அதனால உக்கார ஒரு மணை. அவரு வேட்டி நாலு. எலுமிச்சை ஊறுகா ஒரு ஜாடி, அது இல்லன்னா தயிர்சாதம் தொண்டையில இறங்காதாம். செவந்தியோடது என்ன இருந்துச்சு? ஒரே ஒரு மாத்துச் சேலை. அதையும் ஜாடி உடையாம இருக்கறதுக்காக ஜாடி மேல சுத்தி வெச்சிருந்தா.

நடந்து போறப்ப அவருக்கு ஏதாவது வேணும்னா திரும்பக்கூட மாட்டாரு. ஒரு கையை மட்டும் பின்னாடி நீட்டுவாரு, இப்படி. "தைலம்"பாரு. டக்குனு தைலம் கையில வந்து உக்காரும். "சீப்பு"ன்னா சீப்பு. "தண்ணி"ன்னா கூஜா. நீட்டினா வரும். எங்கேருந்து வருதுன்னு அவரு யோசிச்சதே இல்ல. காத்துலேருந்து வருதுன்னு நெனச்சாரோ என்னவோ.

அப்புறம் என்னாச்சு, செவந்திக்கு ஒரு தங்கச்சி இருந்தா. பவளம்னு பேரு. ரெண்டு பேருக்கும் அம்மா கிடையாது, சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டா. செவந்திதான் தங்கச்சிக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, வளத்துக் கட்டிக் குடுத்தா. தாமரைக்குடிங்கற ஊர்ல. அந்தப் பவளம் இப்ப முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு.

செவந்திக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தெருவுல வளையல்காரர் வந்தாரு, நல்ல செவப்புக் கண்ணாடி வளையலா பாத்து தங்கச்சிக்கு வாங்கினா. "என்னங்க, பவளத்தை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாங்க"ன்னா.

"போலாமே. நாளைக்கு மருதங்குடி கோயில் திருவிழாவுல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. தாமரைக்குடி அந்த வழிதான. பேசி முடிச்சுட்டு வர்றப்பப் போலாம்"னாரு ஏகாம்பரம்.

அவ்வளவு நல்ல மனுஷனான்னு தோணுதுல்ல? கேளு, கேளு.

காலையில கிளம்பினாங்க. முன்னாடி விசுக் விசுக். பின்னாடி லொங்கு லொங்கு. போற வழியில ரெட்டைப்பனைன்னு ஒரு முக்கு. இடது கைப் பக்கம் போனா தாமரைக்குடி, வலது கைப் பக்கம் போனா மத்த ஊருங்க எல்லாம். செவந்தி அந்த இடது பக்க ரோட்டை ஒரு தடவை பாத்துக்கிட்டா. அவரு பின்னாடி கையை நீட்டி "சீப்பு"ன்னாரு. குடுத்தா. வலது பக்கம் போயிட்டாங்க.

மருதங்குடியில பெரிய பந்தல். மைக்கு இல்லாத காலம், அவரு தொண்டையே மைக்கு. "பெரியோர்களே, பயணம் போறவனுக்கு என்ன வேணும்? ரெண்டு கை வேணும். அந்த ரெண்டும் காலியா இருக்கணும். தலகாணி எதுக்கு? பூமி இருக்கு. கூஜா எதுக்கு? ஆறு இருக்கு"ன்னாரு. அப்புறம் தொண்டை வறண்டுபோயி, கையைப் பின்னாடி நீட்டினாரு. கூஜா வந்துச்சு. மடக் மடக்னு குடிச்சாரு. ஜனங்க கை தட்டுச்சு, படபடபடன்னு.

அன்னைக்கே அந்த ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும் அவங்கவங்க பையைக் கீழ வெச்சுட்டாங்க. "இனிமே நாங்களும் கைவீசிதான்"னாங்க. கீழ வெச்ச பை அங்கயேவா கிடக்கும்? வீட்டுப் பொம்பளைங்கதான் எடுத்து மாட்டிக்கிட்டாங்க. ஊரே லேசாயிடுச்சுன்னு சந்தோஷமா ஊர்வலம் போனாங்க. முன்னாடி வரிசை ரொம்ப வேகமாப் போச்சாம், பின்னாடி வரிசைக்குத்தான் மூச்சு வாங்குச்சாம்.

அப்போ திருவிழாக்காரங்க ஏகாம்பரத்துக்குப் பரிசு குடுத்தாங்க. என்ன பரிசு தெரியுமா? பித்தளைக் குத்துவிளக்கு. உன் இடுப்பு உசரம் இருக்கும். பாரமே தூக்காத மனுஷனுக்கு அந்தப் பாரத்தைப் பரிசாக் குடுத்திருக்காங்க. அவரு ரெண்டு கையால வாங்கி, எல்லாரும் பாக்கத் தூக்கிக் காட்டி, அப்படியே பின்னாடி நீட்டினாரு.

தொப்புனு பையில விழுந்துச்சு. உள்ள கிளிங்குன்னு ஒரு சத்தம்.

வளையலா?

வளையல்தான். செவப்பு வளையல் அம்புட்டும் தூள். திரும்பி வர்றப்ப ரெட்டைப்பனை முக்குல செவந்தி நின்னா. "என்னங்க, தாமரைக்குடி"ன்னா. "விருந்துச் சாப்பாடு நெஞ்சுல நிக்குது செவந்தி, இப்ப ஒரு அடி எடுத்து வெக்க முடியாது. அடுத்த தடவை போலாம்"னு சொல்லிட்டு, வீடு வரைக்கும் நல்லாத்தான் நடந்தாரு. செவந்தி அந்த ஒடஞ்ச துண்டையெல்லாம் ஒரு காகிதத்துல மடிச்சு பைக்கு அடியில வெச்சா. தங்கச்சிக்குன்னு வாங்கினது, தூக்கிப் போட மனசு வரல.

ம் காணோமே. தூங்கிட்டியா?

ம். இல்ல.

அப்புறம் கொஞ்ச நாள் போச்சு. வளையல்காரர் மறுபடி வந்தாரு. செவந்தி பச்சை வளையல் வாங்கினா. வீட்டுக்காரரைக் கேட்டா. "சந்தைப்பட்டி வியாபாரிங்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க, வர்றப்பப் போலாம்"னாரு. போன தடவை சொன்னதேதான், ஊர்ப்பேரு மட்டும் வேற.

சந்தைப்பட்டிக்குக் குத்துவிளக்கும் கூட வந்துச்சு. போன சபையில வாங்கின பரிசைக் காட்டினாத்தான அடுத்த சபையில மதிப்பு? அங்கயும் மணையைப் போட்டு உக்காந்து, பற்று வேணாம் பற்று வேணாம்னு வெயில் சாயற வரைக்கும் பேசினாரு. நடுவுல முழங்கால் வலிச்சுது, கை பின்னாடி போச்சு, தைலம் வந்துச்சு. மீசை கலைஞ்சுது, கை பின்னாடி போச்சு, சீப்பு வந்துச்சு. வியாபாரிங்கள்ல ஒருத்தருக்கும் அது கண்ணுல படல. அவங்க கண்ணை மூடி ரசிச்சுக்கிட்டு இருந்தாங்க.

வியாபாரிங்க குடுத்த பரிசு என்ன தெரியுமா? கருங்கல்லு. "பாரமே அறியாத ஏகாம்பரம்"னு செதுக்கின கருங்கல்லு. நாலு பேரு புடிச்சு பையில வெச்சாங்க. டமார்.

உள்ள கிளிங், கிளிங்.

அப்போ செவந்தி வாயைத் தொறந்து சொன்னா. "என்னங்க, பவளத்துக்கு வாங்கின வளையல் இந்தத் தடவையும் ஒடஞ்சு போச்சுங்க"ன்னா. அதுக்கு அந்த மகானுபாவர் என்ன சொன்னாரு? "பாத்தியா செவந்தி, பொருளைச் சேத்தா ஒடையத்தான் செய்யும். நான் ஏதாவது சேத்து வெச்சிருக்கேனா, எனக்கு ஏதாவது ஒடஞ்சுதா?"ன்னாரு.

எனக்கு இந்த இடம் வந்தாலே வயிறு எரியும் குயிலி. நான் அங்க இருந்திருந்தா அந்த ஊறுகா ஜாடியை அவரு தலையிலயே கவுத்திருப்பேன். ஆனா செவந்தி என்ன பண்ணா? அதையும் அதே காகிதத்துல மடிச்சு அடியில வெச்சுக்கிட்டா. ரெட்டைப்பனை முக்குல இருட்டிடுச்சுன்னு அவரு சொல்ல, வீட்டுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் தாமரைக்குடியிலேருந்து வளையல்காரர் ஒரு சேதி கொண்டுவந்தாரு. வெள்ளிக்கிழமை காலையில பவளத்துக்கு வளைகாப்பு. உனக்கு வளைகாப்புன்னா தெரியும்ல? சித்திக்குப் பண்ணோமே, நீ கூட எனக்கும் வளையல் வேணும்னு அழுது புரண்டியே, அது. தாயில்லாப் பொண்ணுக்கு மொத வளையலை அக்காதான் போடணும்னு அவங்க வீட்டு வழக்கம். பவளம் சொல்லி அனுப்பியிருந்தா. "அக்கா, நீ ரெண்டு தடவை வரேன்னு சொல்லி அனுப்பியும் வரல. பரவால்ல. ஆனா அன்னைக்கு நீ வந்து மொத வளையலைப் போட்டாத்தான் நான் கையை நீட்டுவேன். வேற யாருக்கும் நீட்ட மாட்டேன்"னு.

செவந்தி சேலை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்காரர்கிட்டப் போனா. அவரு மீசை சீவிக்கிட்டு இருந்தாரு.

"என்னங்க, வெள்ளிக்கிழமை."

"ஆமா ஆமா, வெள்ளிக்கிழமை. நெடுங்கோட்டை ஜமீன்ல பெரிய போட்டி. யாரு ரொம்பக் கம்மியான பாரத்தோட வர்றாங்களோ அவங்களுக்குப் பட்டம் குடுக்கறாங்க. வாசல்ல தராசு கட்டி நிறுக்கறாங்களாம். எனக்குத்தான் பட்டம், வேற யாருக்கு? நீ பையை அடுக்கு."

"அன்னைக்குத்தாங்க பவளத்துக்கு வளைகாப்பு."

"வளைகாப்பு அடுத்த புள்ளைக்கும் வரும். பட்டம் அடுத்த வருஷம் வருமா?"

செவந்தி அவரையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் உள்ள போயி பையை அடுக்கினா. சீப்பு, தைலம், தலகாணி, மணை, ஊறுகா, குத்துவிளக்கு, கருங்கல்லு, ஒண்ணு விடல. அவ மாத்துச் சேலையை மட்டும் எடுத்து வெளிய கொடியில போட்டுட்டா. வளையல்காரர்கிட்ட மூணாந்தடவையா வளையல் வாங்கினா, செவப்பும் பச்சையும் கலந்து. "எத்தனை தடவைம்மா வாங்குவ, எங்க வெச்சு ஒடைக்கற?"ன்னாரு அவரு. பையில வெச்சா ஒடையும். மடியில வெச்சாலும் ஒடையும். எங்க வெச்சா ஒடையாது சொல்லு பாப்போம்?

கையில!

சமத்து. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் போட்டுக்கிட்டா. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே அளவு கை, சின்ன வயசுலேருந்து ஒருத்தி வளையலை ஒருத்தி போட்டு வளந்தவங்க. கையை ஆட்டினா கலகலன்னுச்சு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. முன்னாடி விசுக் விசுக். பின்னாடி லொங்கு லொங்கு, கலகல. அவரு பேச வேண்டியதை வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டுப் போனாரு. ரெட்டைப்பனை முக்கு வந்துச்சு. செவந்தி பையை எடுத்து ரெட்டைப்பனைக்கு அடியில பதமா இறக்கி வெச்சா. "என்னங்க, உங்க பை இங்க இருக்கு. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்"னா. திருட்டுத்தனமா இல்ல, நல்லா கேக்கற மாதிரிதான் சொன்னா.

"ம், ம், வா வா, நேரமாச்சு"ன்னுக்கிட்டே அவரு வலது பக்கம் போயிட்டாரு. திரும்பிப் பாத்தாத்தான?

செவந்தி இடது பக்கம் திரும்பினா. தோள் அது பாட்டுக்கு மேல ஏறிக்கிச்சு. கை ரெண்டும் சும்மா இருக்கறது அவளுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, என்ன பண்றதுன்னு தெரியல. அப்புறம் வீசிப் பாத்தா. கலகல கலகலன்னு. நல்லா இருந்துச்சு. இன்னும் வேகமா வீசினா. ஓட்டமும் நடையுமாப் போனா.

அங்க தாமரைக்குடியில பவளத்தை மணையில உக்கார வெச்சாச்சு. சந்தனம் பூசியாச்சு. ஊரு பொம்பளைங்க எல்லாம் தட்டு நெறைய வளையலோட சுத்தி நிக்கறாங்க. பவளம் ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள மூடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மாமியார்க்காரி வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்கறா. "நல்ல நேரம் போகப்போவுது. ரெண்டு தடவை வராத அக்கா இன்னைக்கு மட்டும் வந்துடுவாளா? கையை நீட்டும்மா"ங்கறா.

"அக்கா வரட்டும் அத்தை."

"வரலன்னா?"

பவளம் முந்தானையை இன்னும் இறுக்கிக்கிட்டா. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. மாமியாரும் கல்லு மனசுக்காரி இல்ல, அவளுக்கு நேரம் தவறுதேன்னு கவலை. கடைசியில, "சரி, இனிமே தாங்காது, நானே போடறேன்"னு குனிஞ்சு மருமக கையைப் புடிச்சா. அப்போ தெருக்கோடியில ஒரு சத்தம்.

கலகல கலகல கலகல.

பவளம் சட்டுனு தலையை நிமித்தினா. "எங்கக்கா வந்துட்டா"ன்னா.

செவந்தி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க உள்ள வந்தா. கையில சீர்த்தட்டு இல்ல, பை இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு பொம்பளை, "கையை வீசிட்டா வந்திருக்கா?"ன்னு முணுமுணுத்தா. செவந்தி தங்கச்சிக்கு முன்னாடி உக்காந்தா. தன் கையிலேருந்து ஒரு வளையலை உருவி, அந்தச் சூடு ஆறறதுக்குள்ள பவளம் கையில போட்டா. அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. பவளம் வளையலைப் பாக்கவே இல்ல, அக்கா தோளைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தா. "அக்கா, பையை எங்க காணோம்?"னு கேட்டா. "அதுக்கு உரியவர்கிட்ட குடுத்துட்டேன்டி"ன்னா செவந்தி. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.

ம்... அப்புறம் அவரு?

இந்தா, நம்மாளு கதைக்கு வரேன். அண்ணே, நாற்காலி சத்தத்தையே காணோமே, கேக்குதா? சரி சரி, நான் குழந்தைக்குச் சொல்றேன்.

ஏகாம்பரம் ரொம்ப தூரம் போயி, கையைப் பின்னாடி நீட்டி "தைலம்"னாரு. ஒண்ணும் வரல. "செவந்தி, தைலம்." காத்துதான் வந்துச்சு. மொத மொதல்ல திரும்பிப் பாத்தாரு. ஆளே இல்ல. ரெட்டைப்பனை வரைக்கும் திரும்பி வந்து பாத்தா, பை மட்டும் உக்காந்திருக்கு.

பையை விட்டுட்டுப் போலாம்னு நாலடி வெச்சாரு. மீசை சீப்பு ஞாபகம் வந்துச்சு, திரும்பினாரு. வேணாம், போலாம்னு மறுபடி நாலடி வெச்சாரு. ஜமீன் விருந்துல தயிர்சாதம் போடுவாங்களே, ஊறுகா ஞாபகம் வந்துச்சு, திரும்பினாரு. மூணாவது தடவை இன்னும் நாலடி வெச்சாரு, முழங்கால் விண்ணுன்னுச்சு, தைலம் ஞாபகம் வந்துச்சு. சரி, தூக்கிடுவோம்னு குனிஞ்சு, "ஹம்ம்மா"ன்னு தூக்கினாரு. பை தோளுக்கு வந்துச்சு, அவரு தரைக்கு வந்தாரு. பொத்.

அப்புறம் கொஞ்ச தூரம் சரக் சரக்னு இழுத்து, கொஞ்ச தூரம் முதுகுல ஏத்தி நெடுங்கோட்டைக்குப் போய்ச் சேந்தாரு. வாசல்ல பெரிய தராசு. கைவீசி வராருன்னு கொட்டு மேளம், டும் டும் டும். வந்தது ஒரு பை, அதுக்கு அடியில ரெண்டு கால்.

பையைத் தூக்கித் தட்டுல வெச்சாங்க. தடால். தராசுக் கயிறே அறுந்து போச்சு.

"யாரு பை இது?"ன்னாரு ஜமீன்தார்.

"என் சம்சாரத்தோடதுங்க"ன்னாரு ஏகாம்பரம், கொஞ்சம் கூட வெக்கமில்லாம.

"தொறந்து பாருங்க"ன்னாரு ஜமீன்தார். ஆளுங்க ஒண்ணொண்ணா வெளிய எடுத்து வெச்சாங்க. வேட்டி, வேட்டி, வேட்டி, வேட்டி. மீசை சீப்பு. "உன் சம்சாரத்துக்கு மீசையா?"ன்னு கேட்டாரு ஜமீன்தார். தலகாணி, மணை, ஊறுகா, விளக்கு. கடைசியா கருங்கல்லு. ஒரு ஆளு அதை எழுத்துக்கூட்டி சத்தமாப் படிச்சான், "பாரமே அறியாத ஏகாம்பரம்"னு. சபை கொல்லுனு சிரிச்சுது.

அவருக்கு நெத்தி தெறிச்சுது. நெத்தித் தைலத்தைத் தேடி பைக்கு அடியில கையை விட்டுத் துழாவினாரு. எது எங்க இருக்குன்னு என்னைக்காவது பாத்திருந்தாத்தான? ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டுச்சு. தைலம்தான்னு அழுத்திப் புடிச்சாரு. ஸ்ஸ்ஸ். விரல்ல ரத்தம்.

பிரிச்சுப் பாத்தாரு. உள்ள கண்ணாடித் துண்டுங்க. செவப்புல கொஞ்சம், பச்சையில கொஞ்சம்.

அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. "பவளத்துக்கு வாங்கின வளையல் ஒடஞ்சு போச்சுங்க"ன்னு அவ சொன்னது, அதுக்கு இவரு சொன்ன பதிலு, மீசை சீவறப்ப வந்து நின்னு "அன்னைக்குத்தாங்க வளைகாப்பு"ன்னது, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. சபையில அத்தனை பேரு சிரிச்சதுக்குக் கூட அவரு தலை குனியல. இதுக்குக் குனிஞ்சாரு. அந்தத் துண்டுங்களை மறுபடி அதே மாதிரி மடிச்சு, எல்லாத்தையும் பையில போட்டு, தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டாரு.

பட்டம் யாருக்குக் கிடைச்சுது?

அதுவா? அவருக்கு அடுத்து ஒருத்தர் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு வந்தாரு. அவருக்குக் குடுத்துட்டாங்க. அவரு சம்சாரம் வெளிய மரத்தடியில மூட்டையோட உக்காந்திருந்தா. அவளை யாரும் கேக்கல.

சாயங்காலம் ஆச்சு. ஏகாம்பரம் தாமரைக்குடி வந்து, செவந்தி தங்கச்சி வீடு எதுன்னு தெரு முழுக்கக் கேட்டுக்கிட்டே வந்தாரு. பவளம் கல்யாணத்துக்கு வந்தவருதான். சாப்பாட்டுப் பந்தி ஞாபகம் இருந்துச்சு, வீடு ஞாபகம் இல்ல. வாசல்ல வந்து பையை இறக்கினாரு. செவந்தி வெளிய வந்தா. இலையைப் போட்டு புளிசாதம், தேங்கா சாதம், தயிர்சாதம் எல்லாம் வெச்சா. தயிர்சாதத்துக்கு ஊறுகா வெக்கல. அவரும் கேக்கல. சாப்பிட்டுட்டு மெதுவா, "ரெட்டைப்பனையிலேருந்து நெடுங்கோட்டை போயி, அங்கேருந்து இங்க வரைக்கும் நானே தூக்கிட்டு வந்தேன் செவந்தி"ன்னாரு. அதுக்கும் ஒரு கை தட்டு எதிர்பாத்தாரு போல.

"நல்லது. வீடு இன்னும் தூரம் இருக்குங்க"ன்னா செவந்தி.

வளைகாப்பு முடிஞ்சா பொண்ணைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்கல்ல? பவளத்துக்கு ஏது தாய் வீடு? அக்கா வீடுதான். மறுநாள் காலையில கிளம்பறப்ப பவளத்தோட டிரங்குப் பெட்டி ஒண்ணு, மாமியார் கட்டிக் குடுத்த பலகாரக் கூடை ஒண்ணு, ரெண்டும் வாசலுக்கு வந்துச்சு. ஏகாம்பரம் பெட்டியைப் பாத்தாரு, கூடையைப் பாத்தாரு, தன் பையைப் பாத்தாரு. அப்புறம் பையைத் தொறந்து, குத்துவிளக்கைப் பவளம் மாமியாருக்கே குடுத்தாரு. கருங்கல்லை அவங்க வீட்டுத் துவைக்கற இடத்துல போட்டாரு, எழுத்து கீழ இருக்கற மாதிரி கவுத்து. மிச்சத்தைத் தூக்கித் தோள்ல மாட்டி, பெட்டியைத் தலையில ஏத்தி, கூடையைக் கையில புடிச்சாரு.

முன்னாடி அக்காவும் தங்கச்சியும் கை கோத்துக்கிட்டு, கலகல கலகல. பின்னாடி பத்தடி தள்ளி ஏகாம்பரம், லொங்கு லொங்கு. ரெட்டைப்பனை முக்குல மருதங்குடி ஆளுங்க நின்னுக்கிட்டு இருந்தாங்க. வளையல் சத்தம் வந்த பக்கம்தான் பாத்தாங்க. பெட்டிக்கு அடியில போனது யாருன்னு ஒருத்தரும் பாக்கல. கைவீசி இந்தப் பக்கம் வந்தாரான்னு அவருகிட்டயே கேட்டாங்களாம்.

கொஞ்ச தூரம் போனதும் பவளத்துக்குத் தாகம் எடுத்துச்சு. செவந்தி கையைப் பின்னாடி நீட்டி, "தண்ணி"ன்னா.

"இரு செவந்தி, இரு இரு, எங்க வெச்சேன்னு தெரியலயே"ன்னு அவரு எல்லாத்தையும் கீழ இறக்கித் தேடினாரு. அவரு நீட்டினப்ப டக்குனு வந்துச்சு, இவ நீட்டினப்ப ரொம்ப நேரம் ஆச்சு. ஆனா ஒண்ணு குயிலி, செவந்தி திரும்பி நின்னு, அவரு தேடி எடுக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. அவரு அவளை அப்படி ஒரு நாளும் பாத்ததில்ல.

குயிலி? ம் காணோம். தூங்கிட்டா.

அங்க என்ன அண்ணே, கிறீச்சுன்னு நாற்காலி சத்தம்? என்ன தேடற? உன் ஸ்வெட்டரா? அண்ணியைக் கூப்பிடாத, அண்ணி கை வேலையா இருக்கா. பீரோவுல மேல் தட்டுல பாரு. இல்லையா, கீழ் தட்டுல பாரு. தேடு, தேடு, கிடைக்கும். எடுத்தா அப்படியே காலையில அண்ணி தோள்ல ஏறப்போற பையையும் வாங்கிக்கோ.

கதையும் கட்டியாச்சு, மூட்டையும் கட்டியாச்சு. தூங்கு கண்ணு.